அத்தை குடுத்த மலம்

ஆமாங்க, என் பொண்ணு குடல்ல அவ அத்தையோட மலத்தைத்தான் ஏத்துனோம். மூக்கைப் பொத்திக்கிறவங்க தாராளமா பொத்திக்குங்க.

அவளுக்கு அப்ப ஏழு வயசு. மூத்திரப் பாதையில பொறந்ததுலேர்ந்தே கோளாறு, ஆபரேஷன் பண்ணியே ஆகணும். மாசம் தவறாம குளிர் ஜுரம் வேற. "எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி குடல்ல குடியிருக்கும்மா. அதை விரட்டாம கத்தி வெச்சா உயிருக்கு ஆபத்து"ன்னாங்க சென்னை டாக்டரம்மா. நல்ல குடல் இருக்கிறவங்க மலத்தை டெஸ்ட் பண்ணி, வடிகட்டி, குழாய் வழியா உள்ள விடுவாங்களாம். அதுல இருக்கிற நல்ல கிருமிங்க கெட்டதைத் துரத்தலாம், துரத்தாமலும் போகலாமாம்.

அவங்க என்னைத் திட்டல. நானே திட்டிக்கினேன். புள்ள இருமினா போதும், திருத்தணி பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல போய் "ஒரு செட்டு குடுங்க"ம்பேன். பேப்பர்ல மடிச்சுக் குடுப்பான். இன்னா மாத்திரைன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஜுரம் விட்டா மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வெப்பேன். அப்படி அரைகுறையா ஆன்டிபயாட்டிக் போட்டா கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிடுமாம். பாவி நானு.

மலம் குடுக்கிறவங்க சமீபத்துல ஆன்டிபயாட்டிக் தொட்டிருக்கக் கூடாதாம். எங்க வூட்ல அப்படி ஆள் ஏது? என் வூட்டுக்காரர், என் தம்பி, நானு, எல்லாமே செட்டு மாத்திரை கேசு. மிச்சம் ஒரே ஆளு, ஆர்.கே.பேட்டையில தறி ஓட்டுற என் நாத்தனார். மாத்திரை தொண்டையில எறங்காது அவங்களுக்கு, வாந்தி எடுத்துடுவாங்க. பொண்ணு காதுகுத்துல பந்தியில சரியா கவனிக்கலன்னு அவங்க கத்த, "உன் வூட்டுத் தண்ணிகூட என் பொண்ணுக்கு வேணாம்"னு நான் கத்த, ரெண்டு வருஷமா பேச்சே இல்ல.

போய் நின்னேன். விஷயத்தைச் சொன்னேன். தறிய நிறுத்திட்டு என்னை ஏற எறங்கப் பாத்தாங்க.

"தண்ணி வேணாம்னியே, இப்ப இன்னா கேக்குற பாத்தியாடி?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. "புள்ள பொழைக்கணும்க்கா"ன்னேன்.

"ஆங், எப்ப வரணும் சொல்லு."

ரத்தம், மலம்னு ஒண்ணு விடாம டெஸ்ட் பண்ணாங்க. அவங்கது தேறுச்சு. ரெண்டு தடவை ஏத்துனாங்க. அப்புறம் எடுத்த டெஸ்ட்டுல அந்தக் கிருமி இல்ல. ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது.

மலை மேல மொட்டை போட்டுட்டு எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம். என் பெரியம்மா காதுல வந்து, "பொம்பளப் புள்ள, நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போறவ. யாராவது கேட்டா ஊசி போட்டோம்னு சொல்லுடி"ன்னாங்க. வந்துச்சே எனக்குக் கோவம். நாத்தனார் கையைப் புடிச்சு இழுத்துகினு போய் முதல் எலையில உக்கார வெச்சேன்.

"இவங்க குடுத்த மலத்துலதான் என் பொண்ணு உயிரோட நிக்கிறா. எவன் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்!"

"சோத்துக்கு முன்னாடி இன்னாடி பேச்சு இது"ன்னு அவங்க தலையில அடிச்சிக்கினாங்க. சிரிப்ப அடக்க முடியல அவங்களுக்கு.

பக்கத்துல என் பொண்ணு, அத்தை வூட்லேர்ந்து கொண்டாந்த பாட்டில் தண்ணிய மடக் மடக்குன்னு குடிச்சிக்கினு இருந்தா. மிச்சத்துக்கு நான் கை நீட்டுனேன்.