அக்காவின் சாய்கோடு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று உறவினர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. தம்பியாகிய எனக்குத் தெரிந்தவரை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது அச்சன்புதூரில். பள்ளிப் படிப்பு தென்காசியில், கல்லூரி திருநெல்வேலியில், ஆராய்ச்சி சென்னையில். புரதம் என்பது சிறு மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறி உண்டு. இரு புரதங்களின் எழுத்து வரிசையை ஒப்பிட்டால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று அறியலாம். அக்கா பாம்பு நஞ்சுப் புரதங்களை ஒப்பிட்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு குற்றாலச் சீசன். மறுவாரம் சென்னையில் கணிப்பொறியில் அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எழுத்து வரிசைகளைத் துளைகளாகப் பதித்துக் கணிப்பொறிக்குக் கொடுக்கும் துளையட்டைகளைச் சரிபார்க்க ஊருக்குக் கொண்டுவந்தார். "இந்த வருசத்தோட படிப்பு போதும்" என்று அப்பா சொல்லியிருந்ததால், அந்த வாய்ப்பு தவறினால் ஆராய்ச்சி நின்றுவிடும். அப்பாவோ ரயிலடியிலிருந்து நேரே எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். சாரல் துணிப்பைக்குள் இறங்கி அட்டைகள் உப்பிவிட்டன. உப்பிய அட்டையை இயந்திரம் வாங்காது.

கணிப்பொறி செய்யவேண்டிய ஒப்பீட்டைக் கையாலேயே செய்ய, அக்கா வரைதாள்களை ஒட்டிக் கூடத்தில் விரித்தார். மேலே ஒரு புரதத்தின் எழுத்துகள், பக்கவாட்டில் இன்னொன்றின் எழுத்துகள். இரண்டும் ஒத்த கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டும். வரிசைகள் தொடர்ந்து ஒத்துப்போனால் புள்ளிகள் சாய்கோடாகச் சேரும்.

"நாந்தானே கூட்டிட்டுப் போனேன். நானே குறிக்கேன், நீ வாசி" என்று அப்பா பென்சிலை வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில், "ஏட்டி, சாதகப் பொருத்தம் பாக்குத மாதிரில்லா இருக்கு!" என்றார்.

"இதுக்குச் செவ்வாய் தோசம்லாம் கிடையாதுப்பா."

சிதறிய புள்ளிகளுக்கிடையே மெல்ல ஒரு சாய்கோடு தெரிந்தது. பாதியில் அது விலகியது.

"போச்சு, தப்பாக் குறிச்சுட்டேன்."

"இல்லப்பா. ஒரு பாம்போட புரதத்துல ஒரு துண்டு கூடுதலா இருக்கு. தாண்டிப் பாருங்க, மறுபடி கோடு வருது. ரெண்டும் சொந்தந்தான்."

அந்த வரைதாளைப் பார்த்த அக்காவின் பேராசிரியர் வேறு நேரம் வாங்கிக் கொடுத்தார். கணிப்பொறியும் அதே கோட்டை, அதே இடத்தில் விலகியபடி, அச்சிட்டது. அடுத்த முறை கல்யாணத் தரகர் வந்தபோது, "அவ படிப்ப முடிச்சுட்டு வரட்டும்" என்று திருப்பி அனுப்பியவர் அப்பாதான்.

வெளிநாட்டு அழைப்புகளை அக்கா ஏற்கவில்லை. "கணக்கு தெரிஞ்சவங்க, புரதத்தோட வடிவம் படிச்சவங்க இங்கன எத்தனையோ பேர் இருக்காவ. ஒரே மேசையில உக்கார வச்சாப் போதும்" என்பார். இன்று நம் நாட்டின் பல நகரங்களில் உயிரியல் தகவல் மையங்கள் எழுகின்றன. அவற்றுள் ஒன்றில் அக்கா இளைஞர்களைப் பயிற்றுவித்தார். கையால் ஒருமுறை புள்ளி வைத்த பிறகே கணிப்பொறி முன் அமரவிடுவாராம்.

நோயுற்ற நாள்களில் உடனிருந்த அத்தானுக்கும், மருத்துவர், செவிலியருக்கும், தொலைவிலிருந்து வந்த மாணவர்களுக்கும், எங்கள் தெருவாருக்கும் குடும்பத்தின் நன்றி.

அந்த வரைதாள் எங்கள் வீட்டில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருபவர்கள் மட்டும் கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.