மொதல்ல பேட்டரி

தனம் அக்கா போயிட்டாங்க.

காலையில நெஞ்சு வலினு உக்காந்தவங்கதான். போட்டுல ஏத்தி பழவேற்காடு கரைக்குக் கொண்டு போறதுக்குள்ள... முடிஞ்சிடுச்சு.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். எங்க குப்பத்துலயும் சுத்தி இருக்கற குப்பத்துலயும் சோலார் லைட் எரியுதுனா அது அக்கா கைவேலை. தோள்ல ஒரு பை, பைக்குள்ள ஸ்க்ரூ டிரைவர், மீட்டர், கொஞ்சம் வெத்தலை. புயலுக்கு கரென்ட் போனா எல்லாரும் மொதல்ல தேடறது அக்காவைத்தான்.

எனக்கு அக்காகிட்ட உத்தியோகம் இன்னானா, ஸ்டூல் ஆடாம புடிக்கறது. பத்தாவது ஃபெயிலுக்கு அதுவே பெரிய போஸ்டிங்.

எங்க வூட்டு மாடியில பேனல் மாட்டின புதுசு. தூசி படிஞ்சிருக்கேனு நான் தினமும் ஏரித் தண்ணிய மொண்டு ஊத்திக் கழுவினேன். போட்டை அப்படித்தானே கழுவறோம்? கொஞ்ச நாள்ல லைட் மங்கிப் போச்சு. அக்கா வந்து பேனலை விரலால தேச்சு நாக்குல வெச்சுப் பாத்தாங்க.

"இன்னாடா இது, உப்பு போட்டு வெயில்ல காய வெச்சிருக்க? கருவாடா?"

எங்க ஏரி உப்புத் தண்ணியாச்சே. அன்னிலேர்ந்து என் வூட்டுக்கு 'கருவாட்டு பேனல் வூடு'னு பேரு. என் பொண்ணு இன்னமும், "நைனா, நீ மீனே புடி, கரென்ட் புடிக்காத"ங்கறா.

இன்னொரு தடவை நான் வயரை எடுத்துக் குடுத்தேன். நடுவுல ஒரு சின்ன பெட்டி இருக்கும், கன்ட்ரோலர்னு பேரு. அதுல மொதல்ல பேனல் படம், அப்புறம் பேட்டரி படம், கடைசியா பல்பு படம். நான் வரிசையா பேனல் வயரை நீட்டினேன்.

"படம் பாத்து மாட்டாதடா. மொதல்ல பேட்டரி. அதான் வூட்டாளு. வூட்டாளு முழிச்சிருந்தாதான் விருந்தாளி உள்ள வரலாம். பேனல்தான் விருந்தாளி."

"கழட்டும்போது அக்கா?"

"விருந்தாளிய அனுப்பிட்டுதான் வூட்டாளு படுக்கணும். உங்க வூட்ல எப்படி, நீ மொதல்ல படுத்துக்குவியா?"

"ஆமாக்கா"ன்னேன். என் பொண்டாட்டி பக்கத்துலயே இருந்தா. ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே...

நேத்துதான் படகுத்துறை லைட் கம்பத்துல இருந்த பழைய பேட்டரிய அக்கா கழட்டினாங்க. புதுசு பொன்னேரியிலேர்ந்து இன்னிக்கு வரும்னாங்க.

வந்துச்சு. பந்தல் போட்டுட்டு இருக்கும்போது வந்து எறங்குச்சு. வாங்கி வெக்க அக்காதான் இல்ல.

குப்பத்துல சாவு விழுந்தா அன்னிக்கு யாரும் தொழிலுக்குப் போக மாட்டோம். அதனால துறை இருட்டா கெடந்தாலும் பரவால்லதான். ஆனா அக்கா பொண்ணு செல்வி பெங்களூர்லேர்ந்து வந்துட்டு இருந்தா. பொழுது போயிதான் போட் ஏறுவா. ஏரியில தண்ணி வத்திக் கெடக்கு. எங்க பாத்தாலும் வலை கட்டற கம்பு. துறை தெரியணும்.

என் மச்சான் என்னைப் பாத்தான். "யோவ் மாமா, நீதானே அக்கா பின்னாடியே சுத்துவ. மாட்டுய்யா."

"நான் ஸ்டூல் புடிச்சவன்டா. வயர் புடிச்சவன் இல்ல."

"இன்னிக்கு ஸ்டூல் நான் புடிக்கறேன். ஏறு."

ஏறினேன். பெட்டியத் தெறந்தா, பேனல் வயர் நுனியில அக்கா அழகா டேப் சுத்தி ஓரமா விட்டிருந்தாங்க. விருந்தாளிய பத்திரமா அனுப்பி வெச்சிட்டுதான் போயிருக்காங்க.

மொதல்ல பேட்டரி... வாய் விட்டே சொல்லிக்கிட்டேன். பெட்டியில சின்னதா பச்சை முழிச்சுச்சு. அப்புறம் பேனல். அப்புறம் பல்பு.

பல்பு எரியல. எனக்கு உயிரே போச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, வெளிச்சம் இருக்கறவரைக்கும் அது எரியாதுனு. பொழுது சாயறவரைக்கும் கம்பத்தடியிலயே நின்னேன். இருட்டினதும் தானா எரிஞ்சுது.

செல்வி வந்து எறங்கினா. கையப் புடிச்சுக்கிட்டா.

"தூரத்துலேர்ந்து லைட் தெரிஞ்சுது மாமா. அம்மா எழுந்துட்டாங்கனு நெனச்சுட்டேன்..."

அவ பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு பந்தலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

இப்போ பந்தல்ல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். மீஞ்சூர்லேர்ந்துகூட ஆளுங்க வந்திருக்காங்க. யாரும் இன்னும் கெளம்பல அக்கா.

விருந்தாளிங்க நாங்க எல்லாம் இருக்கோம். வூட்டாளு நீ மொதல்ல படுத்துட்ட.