ஆம்பளை இருக்கிற வீடு

இந்த ஊரில் எனக்குச் சம்பளம் தருவது பிறர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பதற்காக. உங்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். பிள்ளைகளோடு தனியே வாழும் ஏழைத் தாய்மாருக்கு அமெரிக்க அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. வீட்டில் ஓர் ஆண் தங்குவது தெரிந்தால் அது நின்றுவிடும். வெல்ஃபேர் ஆபீஸ் சார்பில் நான் சொல்லாமல் போய் நிற்பேன். ஆண் சட்டை தொங்குகிறதா, சவரக்கத்தி இருக்கிறதா என்று பார்த்து, கண்டதை அறிக்கையில் எழுதுவேன்.

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றித்தான் சண்டை. “உழைக்காதவர்களை நம் வரிப்பணத்தில் வளர்ப்பதா?” என்பார் மேலதிகாரி. “வியட்நாம் போரில் கொட்டுவதும் அதே வரிப்பணம்தான். அப்பனைத் துரத்தினால்தான் சோறு என்றால் எந்தக் குடும்பம் உருப்படும்?” என்பாள் பக்கத்து மேசை ஹெலன். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, இந்தியாவில் எப்படி என்பார்கள். நான் சிரித்து வைப்பேன்.

போன பனிக்காலத்தில் டோரத்தி என்பவள் வீட்டுக்குப் போனேன். மூன்று பிள்ளைகள். அலமாரியில் கம்பளிக்குப் பின்னால் ஓர் ஆணின் பூட்ஸ், ஈரம் காயாமல். அவள் மழுப்பவில்லை. “பிள்ளைகளின் அப்பா. ஃபேக்டரியில் ஆட்குறைப்பு. இந்தப் பனியில் எங்கே அனுப்புவேன்? எழுதிவிடாதே,” என்றாள். சொன்னது விளங்கியது என்பதற்கு நம் வழக்கப்படி தலையை இருபுறமும் ஆட்டினேன். இந்த ஊரில் அப்படி ஆட்டினால் ‘மாட்டேன்’ என்று பொருள். எழுதமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, என் கைகளைப் பிடித்தபடி அழுதாள். நான் திருத்தவில்லை. ஆபீஸுக்கு வந்து எழுதினேன். வேலை போனால் விசாவும் போகும் என்ற பயம். அடுத்த மாதம் அவளுக்குப் பணம் நின்றது. வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

காரைக்குடி செக்காலையில் இருக்கும் என் ரோஸ்லின் அக்காவின் நினைவு அதன் பிறகுதான் வந்தது. மில் வேலை போனபின் மச்சான் எங்கெங்கோ அலைந்து, மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வருவார். வெறுங்கையோடு வந்த கூச்சத்தில் குனிந்தபடியே சாப்பிடுவார். “பாதியில எந்திரிக்காதீக, இன்னும் சோறு இருக்கு,” என்று அக்கா பானையின் கடைசிச் சோற்றையும் போடுவாள். மழை பொய்த்த ஒரு வருடம் மாதா கோயிலில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையும் பால் பவுடரும் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கி வந்தது மச்சான்தான். வீட்டில் ஆம்பளை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போது அவர்கள் வீட்டில் இருந்த நானும் அந்தப் பாலைக் குடித்தேன்.

மனம் தாங்காமல் எல்லாவற்றையும் அக்காவுக்கு எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. “நீ இங்குட்டு வேலையில இருந்திருந்தா எங்களையும் பாத்து எழுதியிருப்பியாடி? கடுதாசிய மச்சான்ட்ட நான் காட்டல. உன்னையப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டு இருக்காக.”

பதில் எழுத உட்கார்ந்தேன். ‘இங்கே சட்டம் அப்படி. நாங்கள் எழுதித்தான் ஆகவேண்டும்’ என்று தொடங்கி, ‘நாங்கள்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அதற்குள் மேலதிகாரி இருக்கிறார், ஹெலன் இருக்கிறாள், நான் இருக்கிறேன். அக்கா வெளியே நிற்கிறாள். அதை அடித்துவிட்டு ‘நாம்’ என்று எழுதிப் பார்த்தேன். அக்கா அப்படி எதையும் செய்தவளில்லை. அதையும் அடித்தேன். ஏர்மெயில் தாள் மூன்று வாரமாக மேசைமேல் அப்படியே கிடக்கிறது.