அருள்ராணி குனிந்து பார்த்தாள்

அருள்ராணி எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆவூர் மாதா கோயிலில் பூசைக்குப் போனாலும் கடைசி வரிசைதான். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதிலைத் தரையிடம் சொல்வாள். அவள் ஒருநாள், நாய் வளர்த்துக் குட்டி விற்கப்போகிறேன் என்றதும் கணவன் ஜெரோமுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவனே முழுமூச்சாக இறங்கி, செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். என்ன தீனி, எந்த ஊசி, குட்டியை எப்போது விற்கலாம், எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. அந்த வீடியோக்களில் எந்த நாயும் பேண்டதே இல்லை.

குட்டி வாங்க முதலில் நார்த்தாமலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனார்கள். ஜெரோம் ஒரு குட்டியைக் காட்டி, "வயித்தப் பாரு, கும்முனு இருக்கு. நல்லாத் தின்னு வளந்தது" என்றான். ஆட்டுக்குட்டியோ கைப்பிள்ளையோ, வயிறு நிறைந்திருந்தால் நல்ல வளர்ப்பு என்பதுதான் இந்தப் பக்கத்துக் கணக்கு. அருள்ராணி அதைக் கையில் தூக்கினாள். வயிறுதான் உப்பியிருந்தது, முதுகெலும்பு விரலில் தட்டியது. அப்போதே அது அவள் மணிக்கட்டின் மேல் கக்கியது. பாலோடு புழுக்களும் விழுந்தன. வெள்ளை வெள்ளையாய், நீளநீளமாய், உயிரோடு நெளிந்தன.

"எல்லாக் குட்டிக்கும் இருக்கறதுதாங்க" என்று வீட்டுக்காரர் ஒரு பழந்துணியை நீட்டினார். சோப்புப் போட்டுக் கழுவியும் நெளிவு கையை விட்டுப் போகவில்லை. இரவு தட்டில் இடியாப்பத்தைக் கண்டதும் எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தூக்கிப் பார்க்காமல், வாலை விலக்கிப் பார்க்காமல், தாய் படுக்கும் சாக்கை முகர்ந்து பார்க்காமல் அவள் எந்தக் குட்டியையும் சரி என்று சொல்லவில்லை. அப்படித் தேடிக் கொண்டுவந்ததுதான் சில்லு, சிப்பிப்பாறை இனப் பெட்டை. அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். தொழிலுக்கென்று அவளிடம் இருந்தது அந்த ஒரு நாய்தான். அதற்கு ஒன்று ஆனால் மறுபடி தொடங்க வழியில்லை.

சில்லு பருவத்துக்கு வந்ததும் ஜெரோம் ஒரு கடுவனைப் பேசி முடித்தான். ஆலங்குடியில் சந்தோஷ்குமார் என்பவருடைய ஆண் நாய். வாட்ஸப்பில் படம் வந்தது; கழுத்தில் மாலையோடு ராஜா மாதிரி நின்றது. பிறக்கும் குட்டிகளில் பிடித்த ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வேன், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கடுவன்காரர்கள் எல்லோரும் கேட்பதுதான்.

"ஒரு தடவ நேர்ல பாத்துட்டுச் சொல்லலாமே" என்றாள்.

"அதான் கூட்டிட்டுப் போறோமே. நேர்லதான பாக்கப்போற?"

தங்கள் குட்டியானை வண்டியில் சில்லுவை ஏற்றிக்கொண்டு போனார்கள். முந்திரித் தோப்புக்குள் கொட்டகை. இறங்கும்போதே மூத்திரமும் பினாயிலும் கலந்த நெடி தொண்டையை அடைத்தது. கூண்டுகளுக்குள் தின்று மிஞ்சிய கோழித்தலைகள் கிடந்தன. மேலே ஈ கறுப்பாக அப்பியிருந்தது. சந்தோஷ்குமார் கூட்டாளிகள் இருவரோடு காத்திருந்தார். அவர் மனைவி சொர்ணவல்லி வந்து அருள்ராணியின் கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா, உள்ள போயி டீ குடிப்போம். இங்கிட்டு ஆம்பளைங்க பாத்துக்குவாங்க."

"இல்லங்க. நான் இங்கயே இருக்கேன்."

"அய்யய்யோ! இத்தன வருசத்துல நான் ஒருநாளும் இங்க நின்னதில்லக்கா." சொர்ணவல்லி அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"அக்கா டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்காங்க போல" என்றான் கூட்டாளிகளில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெரோமும் சேர்ந்து சிரித்தான்.

கடுவனைப் பிடித்து வந்தார்கள். படத்தில் பார்த்த நாய்தான். ஆனால் அது நடந்து வந்த சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டே வந்தது. அடிவயிற்றை விடாமல் ஈக்களும் கூட வந்தன. ஜெரோம் சில்லுவின் கயிற்றைப் பிடித்து முன்னால் நகர்த்தினான்.

அருள்ராணிக்கு முகம் கொதித்தது. இத்தனை ஆண்கள் நடுவில், ஒரு கடுவனின் அந்த இடத்தை! ஆனாலும் குனிந்தாள். பூக்கோசைப் பிய்த்து ஒட்டியதுபோலச் சதை புடைத்திருந்தது. ரத்தமும் சீழுமாக அதிலிருந்துதான் வடிந்தது. 

"நிறுத்துங்க. அதுக்குப் புண்ணு இருக்கு."

"எங்கங்க?" என்றார் சந்தோஷ்குமார். அவள் வாயால் அதைச் சொல்ல வைத்துப் பார்க்கும் ஆசை அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணுக்குப் போற எடத்துல. சதை வளந்து ரத்தம் வடியுது. என் நாய் மேல அது ஏறக் கூடாது."

"அது உடம்புச் சூடுங்க. போன வாரங்கூட ஒரு பெட்டை வந்துட்டுப் போச்சு. அவங்க ஒண்ணும் சொல்லலையே?"

"பாத்திருக்க மாட்டாங்க."

"அக்காவுக்குக் கண்ணு வேற எங்கயும் போகாது போல!" மறுபடியும் சிரிப்பு.

போன வாரம் வந்துபோன பெட்டைக்கும் இது ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். ஜெரோமின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, சில்லுவைத் தூக்கி வண்டியின் பின்னால் ஏற்றினாள்.

வண்டி ஆலங்குடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. ஜெரோம் வெடித்தான்.

"நாலு பேரு முன்னாடி ஒரு பொம்பள பேசுற பேச்சா அது? மானமே போச்சு."

"நீங்க பாக்கலையா?"

அவன் கியரை மாற்றினான். "பாத்தேன்."

"எப்ப?"

"நாயப் பிடிச்சிட்டு வாறப்பவே. அம்புட்டுத் தூரம் போயிட்டு அந்த மனுசன்ட்ட எப்படிச் சொல்றது? ஏதாச்சும் ஆனா மாட்டாஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

குறுகலான இருக்கை. அவன் முழங்கை அவள் கையில் உரசிக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகையில் வராத அருவருப்பு இப்போது வந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

இறங்கி, பின்னால் ஏறி, சில்லுவின் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் வந்து உட்காரச் சொல்லி அவன் கூப்பிட்டான். அவள் ஊர் வரைக்கும் புழுதியைத் தின்றுகொண்டே வந்தாள்.

அந்தத் தடவை சில்லுவுக்குக் குட்டி இல்லை. அடுத்த பருவத்துக்குக் கடுவன் தேட அருள்ராணி தனியாகப் பஸ் ஏறினாள்.