கழுத்துத் துண்டு

முத்தியால்பேட்டை மொட்டைமாடி யோகா வகுப்பில் என் பக்கத்துப் பாயில் உட்காருவார், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அந்த அக்கா. எவ்வளவு வேர்த்தாலும் கழுத்துத் துண்டை எடுக்க மாட்டார். மூச்சை அடக்குவதில் எங்கள் யாராலும் அவரை மிஞ்ச முடியாது.

ஒருநாள் வகுப்புக்கு முன்னால், “இப்படி மூச்சடக்க எங்க கத்துக்கிட்டீங்கக்கா?” என்று கேட்டேன்.

துண்டை விலக்கினார். கழுத்து விரல் விரலாகக் கன்றியிருந்தது.

“வூட்லதான். எம்புருசன் குடிச்சிட்டு வந்து நெரிப்பாரு. மூச்சடக்கி செத்துட்ட மாதிரி கெடந்தா, பயந்து வுட்டுடுவாரு.”

அந்த ஆளை வெட்டிப் போடலாம் போலிருந்தது எனக்கு. “அப்புறம் இங்க எதுக்குக்கா வர்றீங்க?”

“இப்பல்லாம் சீக்கிரம் பயப்பட மாட்றாரு. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கணும்ல.”

வகுப்பு தொடங்கியது. மூச்சை இழுத்து அடக்கினோம். சார் விடச் சொன்னதும் எல்லோரும் விட்டோம். அக்கா விடவில்லை.