கைப்பிடி இல்லாத காரும் முனியப்பன் தீர்த்தமும்

ஏரியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரன்ட் போனால் எனக்கு வேலை இருக்காது. வேலை இல்லாவிட்டால் கைபேசியில் கார் வீடியோ பார்ப்பேன். எங்கள் பக்கம் கரன்ட் எத்தனை முறை போகும் என்று தெரிந்தவர்களுக்கு, நான் எத்தனை வீடியோ பார்த்திருப்பேன் என்பதும் தெரிந்துவிடும்.

அப்படி ஒரு மதியத்தில்தான் அந்த வெளிநாட்டுக்காரரைப் பார்த்தேன். தன் காரின் கதவுக் கைப்பிடிகளை எல்லாம் கழற்றி, ஓட்டைகளைத் தகடு வைத்து மூடி, மேலே பெயின்ட் அடித்திருந்தார். பக்கவாட்டில் பார்த்தால் பாதி தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது வண்டி. கையில் இருந்த ரிமோட்டை அழுத்தினார், கதவு தானாகத் திறந்தது. பதினேழு முறை பார்த்துவிட்டுப் பதினெட்டாவது முறை என் மனைவிக்குக் காட்டினேன்.

"கைப்பிடி இல்லாம எப்படிங்க தொறக்கறது?"

"ரிமோட்டுல."

"ரிமோட்டு வேலை செய்யலன்னா?"

"அதெல்லாம் செய்யும்."

"நம்ம வூட்டு டிவி ரிமோட்டயே நீங்க தொடையில தட்டித் தட்டித்தான் சேனல் மாத்தறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசு வேலைக்கான தேர்வு. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் விட்டவள். மூன்றாவது முறைக்கு, மிக்சியின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு குழம்பு தாளிப்பாள். எங்கள் வீட்டில் கடுகு கருகியதென்றால் அன்றைக்கு வரலாற்றுப் பாடம் என்று அர்த்தம். நான் என் பங்குக்கு அவளுடைய குறிப்புகளை எல்லாம் இலவசமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இதைப் பெரிய தியாகம் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

என் கார் மூன்று கை மாறி என்னிடம் வந்த பழைய வண்டி. அதை அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு டிங்கர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டிங்கர் அதிகம் பேசாதவர். வீடியோவை முழுசாகப் பார்த்தார். கைபேசியைத் துடைத்து என்னிடமே கொடுத்தார்.

"செய்யலாங்க சார். ஆனா எதுக்குங்க?"

"அழகுக்கு."

அவர் என் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அழகு விஷயத்தில் இரண்டு பேரில் யாருக்கு முதலில் வேலை பார்ப்பது என்று யோசித்த மாதிரி இருந்தது.

வேலை எட்டு நாள் நடந்தது. கடையைச் சாத்திவிட்டுப் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். கைப்பிடிகளைக் கழற்றினார். ஓட்டை அளவுக்குத் தகடு வெட்டி, உள்வாங்காமல் இருக்கப் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் வைத்தார். அரைத்தார், பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவிப் பார்ப்பார், எங்கோ எனக்குத் தெரியாத ஒரு மேடு அவர் விரலுக்குத் தட்டும், மறுபடியும் தேய்ப்பார். ஒவ்வொரு கதவுக்குள்ளும் பூட்டை இழுக்க ஒரு குட்டி மோட்டார் வைத்தார். உள்பக்கம் திறக்கிற பிடி மட்டும் பழையபடியே இருந்தது.

கடைசி நாள் அவராகவே வாயைத் திறந்தார்.

"சார், ஒரு யோசனைங்க. பைக் கிளட்ச் ஒயரு ஒண்ண உள்ளாற பூட்டுல கட்டி, மட்கார்டுக்கு அடியில வுட்டுடறேன். ரிமோட்டு சொதப்புச்சின்னா இழுத்துக்கலாம்."

"வேணாங்க. ஒளிச்சு வெச்ச கைப்பிடியும் கைப்பிடிதான்."

"சாவி ஓட்டையாவது இருக்கட்டுங்களா?"

"அதையும் அடைச்சிடுங்க."

"அப்ப அது கதவு இல்லீங்க சார், செவுரு" என்று சொல்லிவிட்டு அடைத்துவிட்டார். கழற்றிய நான்கு கைப்பிடிகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "வூட்டுல பத்திரமா வைங்க."

வண்டி மயில்கழுத்து நீலத்தில் வெளியே வந்தது. ஏரியூரில் நான் ஒரு வாரம் ராஜா. வண்டியில் ஏற வருகிறவர்கள், வயிற்றுவலிக்காரனை டாக்டர் அமுக்கிப் பார்ப்பதுபோல் கதவை அங்கங்கே அமுக்கிப் பார்ப்பார்கள். நான் பத்தடி தள்ளி நின்று ரிமோட்டை அழுத்துவேன். மாமனார் மட்டும் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் வந்து நின்றதும் கதவு திறப்பது மாப்பிள்ளையின் மரியாதை என்று நினைத்து, அதற்கப்புறம் எந்தக் காரிலும் கதவில் கை வைப்பதையே விட்டுவிட்டார். வாடகை வண்டிக்காரர்களிடமும் அப்படியே நின்று காத்திருக்கிறார் என்று மாமியார் சொன்னார்.

இதற்கிடையில் என் மனைவி தேர்வில் தேறிவிட்டாள். சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தருமபுரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களோடு. நேரத்துக்கு வராவிட்டால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன், அதனால் எனக்கு நன்றாகவே தெரியும்.

அவள் பேருந்தில் போகிறேன் என்றாள். "கார் இருக்கும்போது பஸ்ஸா?" என்றேன். போகிற வழியில், பென்னாகரம் தாண்டி, சாலையோரம் ஒரு முனியப்பன் கோயில். புது வண்டி எடுத்தவர்கள் எல்லாம் அங்கே நிறுத்திப் பூசை போடாமல் போக மாட்டார்கள். எதிரே டீக்கடை, காலையில் நல்ல கூட்டம் இருக்கும். என் பக்தியில் பாதி முனியப்பனுக்கு, மீதி அந்தக் கூட்டத்துக்கு.

"திரும்பி வரும்போது போட்டுக்கலாங்க" என்றாள்.

"அஞ்சே நிமிசம். உனக்கும் நல்லதுதானே."

நிறுத்தினேன். பூசாரி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கைப்பிடி எங்கங்க?"

"இல்லீங்க. ரிமோட்டு."

"ஓ" என்றார், முனியப்பனுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் கொஞ்சம் சத்தமாக. "உள்ள உக்காந்திருக்கக் கூடாது, எறங்கு தாயி."

அவள் சிவப்பு ஃபைலைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். கண்ணாடி இறங்கியிருந்தால் வடிவம் கெட்டுவிடும் என்று நான்தான் நான்கு கண்ணாடியையும் ஏற்றச் சொல்லியிருந்தேன். டீக்கடைக் கூட்டம் பார்க்க, நான்கு கதவையும் ஒவ்வொன்றாக, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பவன் மாதிரி நாசூக்காகச் சாத்தினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

கொடுத்தேன். தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டுவார், வேப்பிலையால் நாலு சொட்டுத் தெளிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சாவிக்கொத்தை அப்படியே தூக்கி, மஞ்சள் தண்ணீர்ச் சொம்புக்குள் விட்டு, டீயில் பொறை ரொட்டியை நனைப்பதுபோல் மூன்று முறை முக்கி எடுத்தார். சாவியோடு ரிமோட்டும் மூழ்கி மூழ்கி எழுந்தது. பிறகு குங்குமம் வைத்து, பவ்வியமாக என் உள்ளங்கையில் வைத்தார்.

அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. உதறினேன், ஊதினேன், தொடையில் தட்டினேன். என் மனைவி என் தொடையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க பூசாரி, இத முக்குவாங்களா?"

"எல்லாச் சாவியும் முக்கறதுதாங்க. நேத்து ஜேசிபி சாவியவே முக்குனேன், அது பாட்டுக்கு ஓடுது."

"இன்னொரு ரிமோட்டு குடுத்தாங்கன்னீங்களே" என்றாள் மனைவி.

"இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

"எங்க?"

நான் காருக்குள் இருக்கும் டேஷ்போர்டைக் காட்டினேன்.

டிங்கருக்கு போன் போட்டேன். அரைக்கிற மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "கிளட்ச் ஒயரு வெச்சிருந்தா இழுத்திருக்கலாங்க சார்" என்றார். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், சிவப்பு ஃபைல் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் ஜெராக்ஸ் மூன்று செட் என் பையில் இருந்தது. மணி ஒன்பது ஆகப் போகிறது.

"வெயில்ல காய வெச்சா சரியாயிடும்" என்றேன்.

"எத்தன நேரம்?"

"மத்தியானத்துக்குள்ள."

அவள் தட்டில் இருந்த தேங்காயை எடுத்தாள். கோயில் பக்கம் திரும்பி "மன்னிச்சுக்கப்பா" என்றாள். ஓங்கிக் கண்ணாடியில் ஒரே போடு. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது. தேங்காய் மூடியில் நின்ற நீர் தெளிவாக இருந்ததைப் பூசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சகுனம் தாயி" என்றார்.

டீக்கடைக் கூட்டம் இப்போது கிளாஸோடு சாலையைத் தாண்டி வந்திருந்தது. அவர்களிடையே இரண்டு கட்சி. கம்பி விட்டு நெம்பலாம் என்றது ஒன்று. நெம்பினால் பெயின்ட் போய்விடும் என்றது இன்னொன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன்.

பூசாரி பூசணிக்காய் வெட்டுகிற அரிவாளைக் கொண்டுவந்தார். மனைவி அதை வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். எந்தக் கண்ணாடியை உடைத்தால் சேதம் குறைவு என்று பார்த்தேன்.

"பின்னாடி முக்கோணக் கண்ணாடிதான் சின்னது…"

"அதுக்குள்ள கைய வுட்டா பூட்டு எட்டுமா?"

"எட்டாது. ஆனா…"

"மூணு வருசம் படிச்சேங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மணி சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த மூன்று வருடத்தில் கருகிய கடுகு வாசனை அத்தனையும் ஒரே நேரத்தில் எனக்கு வந்தது. அவள் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் அரிவாள் நுனியால் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கண்ணாடி முழுக்கக் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. பத்தடி தள்ளி நின்று பெருமையாகத் திறந்த கதவை, இப்போது திருடன் மாதிரி உள்ளே கைவிட்டுத் திறந்தேன்.

"பழத்து மேல ஏத்திட்டுப் போங்க" என்று பூசாரி ஞாபகப்படுத்தினார். ஏற்றிவிட்டுத்தான் போனோம்.

சாவி இரும்பு, அதனால் வண்டி கிளம்பிவிட்டது. என் துண்டை விரித்து அதன் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள், ஃபைலை இரண்டு கையாலும் அணைத்தபடி. காற்று அவள் தலையைக் கலைத்தது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலக வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

நான் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, ரிமோட்டை டேஷ்போர்டு மேல் காய வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டபோது வாட்ச்மேன் வந்தார்.

"கண்ணாடிய ஒடச்சு என்ன பண்றீங்க?"

"என் வண்டிதாங்க."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கைப்பிடியயும் கழட்டிட்டீங்களா?"

ஆர்.சி. புக்கைக் காட்டியும் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஸ்டூலை எடுத்து வந்து, எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். சரியாக உச்சி வெயிலில், நான் சொன்ன மாதிரியே மத்தியானத்துக்குள், ரிமோட் காய்ந்தது. யாரும் தொடாமலே டுக் டுக்கென்று நான்கு கதவும் ஒன்றாகத் திறந்து நின்றன. வாட்ச்மேன் எழுந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எல்லாம் சரியா இருக்குதுன்னுட்டாங்க. டிகிரி சர்டிபிகேட்டுல இருந்து ஒரு கண்ணாடித் துண்டு விழுந்துச்சு. அந்த மேடம் எடுத்துப் பாத்துட்டு, 'கோயில் கற்கண்டா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்க, முனியப்பன் கோயில்லதுன்னேன்."

அப்போதுதான் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "டிங்கர் கடைக்கு வுடுங்க" என்றாள். அவளுடைய கைப்பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பை வெளியே வந்தது. காலையில் கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள். வேலை முடிந்து திரும்பும்போது என்னிடம் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தாளாம். கடையில் டிங்கர் அதன் முடிச்சை அவிழ்த்து, ஒரு கைப்பிடியை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"நாலையும் மாட்டிடலாங்களா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "ஒண்ணு போதுங்க. என் பக்கம்."

இப்போது அவள் பென்னாகரத்தில் வேலைக்குப் போகிறாள். நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். ரிமோட் இரண்டும் அவள் கைப்பையில். காலையில் கைப்பிடியை இழுத்து அவள் ஏறி உட்காருவாள், பிறகு எட்டி என் பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறந்து விடுவாள். அதுவரை நான் வெளியே நிற்க வேண்டும். சில நாள் உடனே திறந்துவிடுவாள். முந்தின நாள் ஏதாவது பேச்சு முற்றியிருந்தால், முதலில் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்வாள், சீட் பெல்ட் போடுவாள், டிபன் டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பாள். நான் மாமனார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, மரியாதைக்காகக் காத்திருப்பேன்.