குடும்ப ஓய்வூதியமும் என் முதல் கல்யாணமும்

என் கணவர் வனக்காவலராக இருந்தார். ஜவ்வாது மலையிலேயே பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, பணியில் இருக்கும்போதே மஞ்சள் காமாலை வந்து மூன்றே வாரத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுவாரம் அவருடைய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். குடும்ப ஓய்வூதியம் வரும், அதற்கு நான்தான் மனைவி என்று வாரிசுச் சான்றிதழ் வேண்டும், தாலுகா ஆபீசில் மனு கொடுங்கள் என்றார். பணிப்பதிவேட்டில் என் கணவர் வாரிசாகக் குறித்திருந்தது அவருடைய அம்மாவை. கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. மாமியார் இறந்து பல வருஷமாகிறது. மாற்றி எழுதுங்கள் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். "செத்தா பாத்துக்கலாம்" என்பார் அந்த மனுஷர். செத்தது அவர், பார்த்துக்கொண்டது நான்.

மனு கொடுத்துப் பத்து நாள் கழித்து விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வந்தார். தண்ணீர் கொடுத்தேன். பேர் கேட்டார், வயது கேட்டார், பிள்ளைகள் உண்டா என்றார். இல்லை என்றேன்.

"இது உனக்கு மொதக் கல்யாணமாம்மா?"

"இல்லீங்க சார், ரெண்டாவது."

அவர் பேனா நின்றது. எனக்குப் புரியவில்லை. வெயிலா மழையா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். எங்கள் மலையில் இதை மறைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அதுதான் நான் செய்த தப்பு. கீழ்நாட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருக்கும்.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்கும். ஒத்துவரவில்லை என்றால் பெண் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொல்லலாம். ஊர் கூடும், இருவரையும் கேட்கும், உறவு அறுந்ததென்று துரும்பு கிள்ளிப் போட்டுத் தீர்த்துவிடும். பிறகு அவளைக் கட்டிக்கொள்கிறவன் பழைய புருஷனுக்குப் பரிசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது கைமாறியதோடு சரி, அவனுக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை. என் முதல் புருஷன் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. எங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதற்குக்கூட ஒரு பெண் வெளியே வரலாம் என்று வைத்திருக்கிறது எங்கள் ஊர். எனக்கு அதில் வெட்கமில்லை, பெருமைதான்.

தாலுகா ஆபீசில் என் கோப்பை வைத்திருந்த எழுத்தருக்கு அந்தப் பெருமை ஏறவில்லை.

"கோர்ட்டு விவாகரத்து உத்தரவு எங்க?"

"கோர்ட்டுக்கெல்லாம் போவலீங்க. எங்க ஊர்ல தீத்து வுட்டாங்க."

"ஊருன்னா யாரும்மா? அதுக்கு இன்னா அதிகாரம் இருக்குது? சட்டப்படி நீ இன்னும் மொத ஆளு பொண்டாட்டிதான். செத்துப்போனவருக்கு நீ ஒண்ணுமில்ல. போம்மா."

ஒண்ணுமில்லையாம்! பதினாறு வருஷம் அவர் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டவள் நான். காட்டுத் தீ அணைக்கப் போனவர் திரும்பி வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தவள் நான். அவர் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவள் ஒண்ணுமில்லை என்றால், அழுததெல்லாம் யாருக்காம்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணம் இல்லாவிட்டால் கூலிக்குப் போய்க்கொள்வேன், சாமை விதைத்துக்கொள்வேன். அவருக்கு நான் யார் என்பதை இந்த ஆள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வதா?

வெளியே வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனசுக்காரர். என் கதையைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யம்மா, இதுக்கா அழுவறே? மொதக் கல்யாணம்னு ஒண்ணு நடக்கவே இல்ல, கேட்டது புரியாம சொல்லிட்டேன்னு எழுதித் தர்றேன். கையெழுத்துப் போடு. நாலு நாள்ல முடிஞ்சிரும்."

ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். ஆனால் அப்படி எழுதினால் ஊர் கூடிப் பேசியது பொய்யாகும். என் கணவர் இரண்டு கிடாயும் பணமுமாகக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் வைத்து, "இவ இனிமே என் பொறுப்பு" என்று சொன்னது பொய்யாகும். செத்தவரைப் பொய்யராக்கியா அவர் ஓய்வூதியத்தை வாங்குவது? வேண்டாங்க என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை, விட்டு வந்த நாளிலிருந்து கால் வைக்காத ஊருக்கு நடந்தேன். என் முதல் புருஷன் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் என்னைப் பார்த்து, "வா அக்கா, உக்காரு" என்றாள். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. அவரோ தலையைச் சொறிந்தார். "ஆபீசுக்கெல்லாம் வந்தா ஒரு நாளு வேல கெட்டுப்பூடுமே" என்றார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பால் வண்டியைப் பேசிக்கொண்டு பதினொரு பேர் போனோம். எங்கள் ஊர்க்கவுண்டர், முதல் புருஷனுடைய ஊர்க்கவுண்டர், அன்றைக்குத் துரும்பு கிள்ளியபோது இருந்த பெரியவர்கள், முதல் புருஷன், அவர் மனைவி, நான். எழுத்தர் எங்களைப் பார்த்ததும், "இன்னாம்மா, சண்டைக்கி ஆளு இட்டாந்துகினியா?" என்றார். "ஆமா சார், ஊருன்னா யாருன்னு கேட்டீங்களே, இவங்கதான்" என்றேன். சத்தம் கேட்டு தாசில்தார் உள்ளே கூப்பிட்டார். பெண்மணி. புதிதாக வந்தவர்.

என் முதல் புருஷன் கைகட்டி நின்று பேசினார். வாழ்ந்த இரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அம்மா, இவ எனக்குப் பொண்டாட்டி இல்லீங்க. அன்னிக்கே தீந்துபோச்சு. பரிசத்த திருப்பி வாங்கிட்டேன். கெடாய அறுத்துத் துன்னும் ஆச்சு. இப்ப வந்து என் பொண்டாட்டின்னா எங்க ஊர்ல காறித் துப்புவாங்க."

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எழுத்தர் விடவில்லை. "மேடம், கோர்ட்டு உத்தரவு இல்லாம..."

அப்போதுதான் என் முதல் புருஷனின் மனைவி முன்னால் வந்தாள். "சார், இந்த அக்கா இன்னும் அவரு பொண்டாட்டின்னு எழுதினீங்கன்னா, நான் யாரு? என் மூணு புள்ளைங்க யாரு? அதையும் அதே பேப்பர்ல எழுதிக் குடுங்க, நான் வாங்கினு போறேன்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. தாசில்தார் எழுத்தரைப் பார்த்து, "இவங்களுக்குப் பழங்குடின்னு சாதிச் சான்று குடுத்தது நாமதானே?" என்றார். ஆமாம் என்றார் எழுத்தர். "நீங்க சொல்ற இந்துத் திருமணச் சட்டம் பழங்குடிங்களான இவங்களுக்குப் பொருந்தாது. இவங்க வழக்கம்தான் இவங்களுக்குச் சட்டம். எல்லார் வாக்குமூலத்தையும் எழுதி வாங்குங்க." எழுத்தர் எழுதினார். சாயங்காலம் வரை எழுதினார். ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். சான்றிதழில் என் பேருக்கு நேரே 'மனைவி' என்று இருந்ததைப் பார்த்தபோது, அவர் போன அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன்.

ஓய்வூதியம் வர ஆரம்பித்தது. மறு வருஷம் நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு வரச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். போனேன். ஜன்னலுக்குள் இருந்தவர் ஒரு தாளை நீட்டி, கீழே விரலை வைத்து, "இங்க போடும்மா" என்றார். படித்தேன். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று உறுதி கூறுகிறேன் என்று அச்சடித்திருந்தது.

"கல்யாணம் பண்ணிக்கினா இன்னா ஆவும் சார்?"

"பென்ஷன் நின்னுரும். எல்லாரும் போடறதுதாம்மா, போடு. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

எங்கள் ஊரில் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொண்டால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எனக்கு மனசில்லை. அவர் இருந்த இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க இன்றுவரை முடியவில்லை. ஆனால் அது நானும் அவரும் சம்பந்தப்பட்டது. இவர்களுக்கு வருஷாவருஷம் வந்து ஒப்புவிக்க அதில் என்ன இருக்கிறது? கோபமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தாளில் இருந்தது உண்மை. உண்மைக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு என்ன பயம்? போட்டேன். தாளை ஜன்னலுக்குள் தள்ளிவிட்டுச் சொன்னேன்.

"இந்த வருஷம் பண்ணிக்கலன்னு போட்டுக்கிறேன் சார். அடுத்த வருஷத்தப் பத்தி அடுத்த வருஷம் கேளுங்க."